குதிச்சு ஏறுற நாய் திடீர்னு ஏற மாட்டேங்குதா? உங்க வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்க

கன்னங்குறிச்சி, கருப்பன் வீடு

எங்க கருப்பனுக்கு ஏழு வயசு. லேப்ரடார் கலப்பு, 34 கிலோ. தினமும் காலையில அஞ்சரைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லை வாசலுக்குத் தள்ளிட்டு வருவேன். ஸ்டாண்டைத் தட்டுற சத்தம் கேட்டா போதும், எந்த மூலையில இருந்தாலும் ஓடி வந்து முன்னாடி கால் வைக்கிற இடத்துல ஒரே தாவா தாவி நின்னுக்குவான். தலையை ஹேண்டில்பாருக்குக் கீழ நீட்டிக்கிட்டு மூக்கனேரிக் கரை வரைக்கும் அசையாம வருவான். ஏரி நடுவுல இருக்கிற மண் திட்டுகள்ல கொக்கும் நாரையும் எழுந்துக்கிற நேரம். ரெண்டு பேரும் கரையில ஒரு நடை நடந்துட்டு, டீக்கடையில நின்னுட்டு வீடு திரும்புவோம். அஞ்சு வருஷமா இதுல மாத்தமே இல்லை.

ஒரு நாள் காலையில வழக்கம்போல ஓடி வந்தான். வண்டிகிட்ட வந்ததும் நின்னுட்டான். ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பலகையில வெச்சான், எடுத்துட்டான். மறுபடி வெச்சான், எடுத்துட்டான். வால் ஆடிக்கிட்டே இருக்கு. என் முகத்தைப் பார்க்கிறான். "ஏறுடா"ன்னு தட்டினேன். தரையிலயே உக்காந்துட்டான்.

முந்தின நாள் அவனை விட்டுட்டு தர்மபுரி போய் வந்திருந்தேன். அதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டான்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாளும் ஏறலை. தூக்கி வெச்சேன், வந்தான். அப்புறம் நாலு காலையும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒரு சத்தம் போடலை, காலை இழுத்துக்கலை. நொண்டவும் இல்லை, சாப்பாடும் குறையலை. சரி, வலி இல்லைன்னு விட்டுட்டேன். பதினோரு நாள் அப்படியே ஓடிப்போச்சு. அந்தப் பதினோரு நாளும் அவனைத் தூக்கி வெச்சு வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கேன், கரையில ஓட விட்டிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது.

கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரம்மா. அவங்க வீட்லயே துணி தைக்கிறவங்க. மெஷின்ல உக்காந்திருந்தவங்க, "இவன் முன்ன மாதிரி உக்காரலை, பாருங்க"ன்னாங்க. முன்னெல்லாம் ரெண்டு பின்னங்காலையும் வயித்துக்கடியில மடக்கி நேரா உக்காருவான். இப்ப இடது காலைப் பக்கவாட்டுல நீட்டிப் போட்டு ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருந்தான். அவங்களே இன்ச் டேப்பை எடுத்து வந்து ரெண்டு தொடையையும் சுத்தி அளந்தாங்க. வலது 15 இன்ச். இடது பதிமூணரை. ஒன்றரை இன்ச் சதை எங்க போச்சு? பல வாரமா அந்தக் காலுக்கு வேலை குடுக்காம வலது காலால சமாளிச்சிருக்கான்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் முதல்ல கேட்ட கேள்வியை எல்லாரும் மனசுல வெச்சுக்கணும்: "ஏறத் தயங்குதா, இறங்கத் தயங்குதா?"

நாய் நிக்கும்போது உடம்பு பாரத்துல நூத்துக்கு அறுபது பங்கு முன்னங்கால்லதான் இருக்குமாம். ஆனா மேல தாவணும்னா பின்னங்கால் ரெண்டும் மடங்கி, மொத்த உடம்பையும் உந்தித் தள்ளணும். இடுப்பு, முட்டி, தொடைச் சதை, கீழ் முதுகு எல்லாம் ஒண்ணா வேலை செய்யணும். அதனால ஏறத் தயங்கினா பின்னாடிப் பக்கம் பார்க்கணும். கீழ குதிக்கும்போது மொத்த அடியும் முன்னங்கால்ல விழும். இறங்கத் தயங்கினா தோள், முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, அதோட கண்ணு. ரெண்டுக்குமே தயங்கினா முதுகெலும்பையும், காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்கணும். முதல்ல எங்க பார்க்கணும்னு இது காட்டும், முடிவு சொல்லிடாதுன்னும் சொன்னார். கருப்பன் ஏறத்தான் தயங்கினான். தூக்கி வெச்சா இறங்கிடுவான்.

அப்புறம் முட்டியைப் பிடிச்சார். ஒரு கையால தொடை எலும்பை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கீழ்க்கால் எலும்பை மெல்ல முன்னாடி தள்ளினார். மேஜை டிராயரை இழுக்கிற மாதிரி அது முன்னாடி வந்துச்சு. நானே கண்ணால பார்த்தேன். கருப்பன் கத்தலை. உதட்டை நக்கினான், பெருசா கொட்டாவி விட்டான், திரும்பி டாக்டர் கையை முகர்ந்தான். "இவன் வலிக்குதுன்னு சொல்றது இப்படித்தான்"னார் டாக்டர்.

முட்டிக்குள்ள குறுக்கா ஓடுற லிகமென்ட், அதாவது ரெண்டு எலும்பையும் பிணைச்சு வெச்சிருக்கிற நார், அறுந்திருக்கு. மனுஷங்களுக்கு இது விளையாடும்போது ஒரே திருப்புல படார்னு அறுந்துடும். நாய்க்குப் பெரும்பாலும் கிணத்துக் கயிறு மாதிரி மாசக்கணக்கா இழை இழையா நைஞ்சு, கடைசியில ஒரு சாதாரணத் தாவல்ல விட்டுப்போகும். 34 கிலோ உடம்புக்கு ஆபரேஷன்தான் நல்லதுன்னு சொல்லி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் குடுத்திருக்கார். அடுத்த வாரம் போறோம்.

இந்த மாதிரி திடீர்னு குதிக்கிறதை நிறுத்தின நாய் வெச்சிருக்கவங்க, என்ன காரணம்னு தெரிஞ்சுது, எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல எப்படிப் பார்த்துக்கிட்டீங்கன்னும் சொல்லுங்க.


ஏற்காடு, நாகலூர் பக்கம்

அண்ணா, கருப்பன் நல்லபடியா ஆயிடுவான். எங்க கதை வேற மாதிரி.

எங்க எஸ்டேட்ல சிட்டுன்னு ஒரு நாட்டு நாய். நாலு வயசு. ஜீப்போட பின்கதவைத் திறந்தா அவதான் முதல்ல உள்ள இருப்பா. போன வருஷம் மழை விட்ட சமயம். காபிக் காய் பழுக்க ஆரம்பிச்ச நேரம், தோட்டம் சுத்திப் பார்க்கக் கிளம்புறோம், சிட்டு ஜீப்புக்குக் கீழ நின்னு மேல பார்க்கிறா. ஏறலை. வலது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வெச்சா. முள்ளு குத்தியிருக்கும்னு விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். ஒண்ணும் இல்லை. மறுநாள் காலையில பார்த்தா வலது கால் நல்லா இருக்கு, இடது பின்னங்கால் நொண்டுறா. அதுக்கு அடுத்த நாள் எல்லாக் காலும் விறைச்ச மாதிரி, முதுகை வளைச்சுக்கிட்டு நடக்கிறா. ஏறவும் மாட்டேங்கிறா, இறங்கவும் மாட்டேங்கிறா.

இங்க இதைக் கவனிங்க: அடிபட்ட வலி ஒரே இடத்துல நிக்கும். இது தினம் இடம் மாறுச்சு. இளசான பெரிய சாதி நாய்க்கும் வளர்ற வயசுல எலும்பு வலி இப்படிக் கால் மாறி மாறி வருமாம். ஆனா சிட்டு வளர்ந்த நாய்.

காது மடலை மடக்கிப் பார்த்தப்பதான் உண்ணி தெரிஞ்சுது. துவரம்பருப்பு அளவுல நாலு, கடுகு மாதிரி எத்தனையோ. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், இந்தக் குளிருக்கு உண்ணி அவ்வளவா வராதுன்னு நான் நினைச்சிருந்தது தப்பு. அது சுவர் இடுக்குல, சாக்குல, கல் கட்டுல ஒளிஞ்சு வாழுற ஜாதி.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் கொண்டு போனோம். காய்ச்சல் நூத்தி நாலரை. நாய்க்கு 101லிருந்து நூத்தி ரெண்டரை வரைக்கும் சாதாரணம், அதனால தொட்டுப் பார்த்து எப்பவும் சூடாத்தானே இருக்கும்னு நாம ஏமாந்துடுவோம். தெர்மாமீட்டர் வெச்சாத்தான் தெரியும். ரத்தம் எடுத்துப் பார்த்ததுல தட்டணுக்கள் ரொம்பக் கம்மி. உண்ணிக் காய்ச்சல். மூட்டுல வீக்கம் வந்து வலிக்கிறது அதனாலதான். ஈறு வெளுத்திருந்ததையும் டாக்டர் காட்டினார். நாங்க அதுவரைக்கும் அவ வாயைத் திறந்து பார்த்ததே இல்லை.

டாக்ஸிசைக்ளின் 28 நாள். சோத்தோடதான் குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுத்துடும். மூணாவது நாளே வால் ஆட்டிட்டா, ஆறாவது நாள் ஜீப்ல ஏறிட்டா. அதோட நிறுத்திடலாம்னு வீட்ல சொன்னாங்க. நிறுத்தலை. 28 நாளும் முடிச்சோம். இப்ப மாசாமாசம் உண்ணி மாத்திரை தேதி காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கோம். நாய் படுக்கிற இடத்துச் சுவர் இடுக்கை எல்லாம் சிமென்ட் பூசி அடைச்சாச்சு.


சூரமங்கலம்

எங்களுக்கு நோயே இல்லை. பழைய வீட்ல சிமென்ட் தரை. புது வீட்டுக்கு வந்ததும் பளபளன்னு பெரிய டைல்ஸ். ரெண்டே வாரத்துல டைகர் கட்டில்ல ஏறுறதை நிறுத்திட்டான். டாக்டர் முழுசா பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லி, பாதத்தைத் திருப்பிக் காட்டினார். விரல் நடுவுல முடி வளர்ந்து பாதத்தோட மெத்தைச் சதையையே மூடியிருந்துச்சு, நகம் நீண்டு நடக்கும்போது தரையில டக் டக்னு சத்தம். பழைய சிமென்ட் தரை நகத்தைத் தானா தேய்ச்சு விட்டிருக்கு, டைல்ஸ் தேய்க்காது. தாவுறதுக்கு உந்தும்போது பின்னங்கால் வழுக்கி ஒரு தடவை விழுந்திருக்கான், அந்தப் பயம் பிடிச்சுக்கிச்சு. முடியை வெட்டி, நகத்தை வெட்டி, கட்டிலுக்கு முன்னாடி தேங்காய்நார் மிதியடி ரெண்டைச் சேர்த்துப் போட்டோம். ஒரு வாரம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் ஏறினான்.


ஃபேர்லேண்ட்ஸ், டாஷ்ஹவுண்ட் வீட்டம்மா

இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். குட்டைக்கால் நாய் வெச்சிருக்கவங்க ஒருத்தராவது படிக்கணும்னு எழுதறேன்.

லட்டுவுக்கு அப்ப அஞ்சு வயசு. சோபாதான் அவ ராஜ்ஜியம். ஒரு நாளைக்கு நாப்பது தடவை ஏறி இறங்குவா, நாங்களும் ரசிச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சோபாவுக்குக் கீழ நின்னு அழுதா. தூக்கினேன், வீல்னு ஒரு சத்தம். கீழ விட்டதும் முதுகை வளைச்சு, வயித்தைக் கல்லு மாதிரி இறுக்கிக்கிட்டு நடுங்கினா. சாப்பாட்டுத் தட்டு தரையில இருக்கு, தலையைக் குனிய மாட்டேங்கிறா. தட்டை நான் கையில தூக்கிப் பிடிச்சா சாப்பிடுறா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

பக்கத்துல இருந்த ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். வயித்து வலின்னு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டார். ஊசியில வலி கொஞ்சம் குறைஞ்சதும் இவ ராத்திரி பூரா வீடு சுத்தினா, நானும் சரியாயிட்டான்னு சந்தோஷப்பட்டேன். காலையில எழுந்து பார்த்தா பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு முன்னங்காலால தவழ்ந்து வர்றா. வால் மட்டும் லேசா ஆடுச்சு.

முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கு இல்லையா, இந்தச் சாதியில அதோட உள்பக்கம் சின்ன வயசுலயே கெட்டியாயிடுமாம். ஒரு குதி, ஒரு திருப்பு போதும், பிதுங்கி வெளிய வந்து தண்டுவடத்தை நசுக்கிடும். அதிகமா வர்றது மூணுலிருந்து ஆறு, ஏழு வயசுக்குள்ள.

அடுத்துப் பார்த்த டாக்டர் ரெண்டு சோதனை செஞ்சார். முதல்ல பாதத்தைத் தலைகீழா மடக்கித் தரையில வெச்சார். நல்ல நாய் அந்த நொடியே பாதத்தைத் திருப்பி நேரா வெச்சுக்கும். லட்டு அப்படியே விட்டுட்டா. ரெண்டாவது, விரலை அழுத்தமாக் கிள்ளினார். காலை இழுத்துக்கிறது மட்டும் கணக்கு இல்லையாம், அது வெறும் அனிச்சையா நடக்கும். திரும்பிப் பார்க்கணும் இல்லைன்னா முனகணும், அப்பதான் வலி மூளை வரைக்கும் போகுதுன்னு அர்த்தம். லட்டு மெதுவா, ரொம்ப மெதுவா திரும்பி அவர் விரலைப் பார்த்தா. அந்தப் பார்வைக்காக நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன்னு எனக்கே தெரியாது.

அந்த உணர்ச்சியும் போயிருந்தா 24 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் செஞ்சாகணும், ஒவ்வொரு மணியும் முக்கியம்னார். சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாரா பையும் கட்டி வெச்சிட்டோம். உணர்ச்சி இருந்ததால, அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சு, ஒரு நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னார். மறுநாள் ஒரு கால் அசைஞ்சுது. ஆறு வாரம் சின்னக் கூண்டுக்குள்ள. மூத்திரம் போக மட்டும் தூக்கிட்டு வெளிய. அவளும் அழுவா, நானும் கூண்டுக்குப் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்து அழுவேன். மருந்தைவிட அந்தக் கூண்டுதான் அவளைக் காப்பாத்துச்சுன்னு இன்னைக்கும் நம்புறேன்.

இப்ப நடக்கிறா. கொஞ்சம் ஆடி ஆடித்தான். சோபாவை எடுத்துட்டோம், எல்லாரும் ஜமக்காளத்துல உக்காருறோம். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை பிட்டத்துக்குக் கீழ, முதுகு வளையாம. வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல சொல்லித் தர்றேன். குட்டைக்கால் நாய் திடீர்னு குதிக்க மாட்டேன்னு நின்னா காலையில பார்த்துக்கலாம்னு தூங்கப் போயிடாதீங்க.


கோரிமேடு

எங்க ஜெர்மன் ஷெப்பர்டு ரெண்டு நாளா மாடிப்படி ஏற மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை, டாக்டர் யாரும் கிடைக்கலை. வீட்ல அப்பாவோட மூட்டுவலி மாத்திரை டைக்ளோஃபெனாக் இருக்கு. பாதி குடுக்கலாமா? தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க.


ஆத்தூர், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

கோரிமேடு நண்பருக்கு: வேண்டாம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலையும் நம் கணக்கில் கொடுத்தால் ஈரல் போய்விடும், பூனைக்கோ அது உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு என்று மூட்டு வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து, ரத்தம் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். இன்று உங்கள் நாயைச் சங்கிலியில் கட்டி, தரைத்தளத்திலேயே ஓய்வாக வைத்திருங்கள். மாடி வேண்டாம், ஓட்டம் வேண்டாம். நாளைக் காலை முதல் ஆளாக மருத்துவமனையில் நில்லுங்கள். பின்னங்கால் இழுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால் இந்த நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகளே கிட்டத்தட்ட அழிந்துபோயின. செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. நான் பணியில் இருந்த காலம் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னமும் பதற்றம் வரும், அதனால்தான் குரலை உயர்த்திச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் போகும்முன் வீட்டிலேயே செல்போனில் படம் எடுங்கள். பக்கவாட்டில் நடப்பது, பின்னால் இருந்து நடப்பது, உட்காருவது, எழுவது, படி முன் நின்று தயங்குவது, எல்லாம் இரண்டு நிமிடம் போதும். மருத்துவமனை வாசலில் வேறு நாய், வேறு வாசனை. பதற்றத்தில் நொண்டுகிற நாயும் நேராக நடந்து காட்டிவிடும். "வீட்டில் நொண்டியது சார், இங்கே நல்லா நடக்குது" என்று முப்பது வருடம் கேட்டிருக்கிறேன்.

கருப்பன் வீட்டாருக்கு: 34 கிலோ என்பது என் கண்ணுக்கு அதிகம். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். விலா எலும்பு மேல் கை வைத்தால், அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. ஒரு முட்டியில் லிகமென்ட் போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னாளில் மறு முட்டியும் போகிறது. எடையைக் குறைப்பது அந்த நல்ல காலைக் காப்பாற்றத்தான். நாமக்கல் கல்லூரி 1985இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் நம் பக்கத்து ஆட்கள் இதற்குச் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.


அம்மாபேட்டை

எங்கது தறிக்காரர் வீடு. பாப்பு, வெள்ளை பொமரேனியன், பதினோரு வயசு. நான் குழித்தறியில உக்காந்தா பக்கத்துல இருக்கிற மரப்பெட்டி மேல ஏறிப் படுத்துக்குவான். போன ஐப்பசியில இருந்து ஒரு புதுப் பழக்கம். ஏறுவான், ஆனா சாயந்திரம் ஆனா இறங்க மாட்டான். விளிம்பு வரைக்கும் வந்து கழுத்தை நீட்டிக் கீழ மோந்து பார்ப்பான், பின்னால போவான், மறுபடி வருவான். பகல்ல இந்தத் தகராறு இல்லை.

பொமரேனியனுக்கு முட்டிச் சில்லு நழுவுற வியாதி அதிகம், நடந்துக்கிட்டே இருக்கும்போது ஒரு காலைத் தூக்கி ரெண்டு எட்டு துள்ளிட்டு மறுபடி சாதாரணமா நடக்கும். அதுவா இருக்கும்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். ஆனா முட்டி வலிக்குப் பகல் ராத்திரி தெரியுமா? அந்த ஒரு சந்தேகத்துலதான் கண்ணைப் பார்த்தேன். கருவிழி நடுவுல பால் ஊத்தின மாதிரி இருந்துச்சு.

டாக்டரம்மா ஒரு பஞ்சு உருண்டையை அவன் முகத்துக்கு முன்னாடி மேல இருந்து விட்டாங்க. பஞ்சு விழுந்தா சத்தம் கேக்காது, காத்தும் அடிக்காது, வாசனையும் இல்லை. கண்ணு தெரிஞ்சா தலை அதோட கூடவே கீழ போகும். வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்தான். விளக்கை அணைச்சு ஜன்னல் வெளிச்சத்துல விட்டப்ப அசையவே இல்லை. நூலும் பஞ்சுமா வாழுற வீடு எங்கது, எனக்கு இது தோணலையேன்னு இருந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை. சர்க்கரை இருந்தாலும் புரை வேகமா வரும்னு ரத்தமும் பார்த்தாங்க, நல்லவேளை இல்லை. வயசானா கண்ணுல லேசா நீலம் பூத்த மாதிரி வர்றது வேற, அதுல பார்வை பெருசா கெடாதாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல டாக்டராலதான் முடியும்.

பெட்டிக்குக் கீழ ஒரு சின்ன முக்காலி வெச்சு, அது மேல சாக்கு தைச்சுப் போட்டேன். சாக்குல கால் பட்டதும் அவனுக்கு இடம் தெரிஞ்சுடும். வீட்ல எந்தச் சாமானையும் இப்ப இடம் மாத்துறதில்லை. சாயந்திரம் நான் தறிக்குழியில இருந்து எழுந்திரிக்கும்போது "பாப்பு, படி"ன்னு சொல்லி முக்காலியை ரெண்டு தட்டு தட்டுவேன். இறங்கிடுவான்.


ஏற்காடு, மஞ்சக்குட்டை

வயசான நாய்க்காரங்களுக்கு ஒரு வரி. எங்க கிழவன் ராஜாவுக்குப் பன்னெண்டு வயசு. மார்கழி, தை மாசத்துல விடியக்காலம் திண்ணைகூட ஏற மாட்டான், பத்து மணி வெயில் பட்டதும் ஏறிடுவான். எழுந்ததும் விறைப்பா இருந்து, நடக்க நடக்கச் சரியானா மூட்டுத் தேய்மானமா இருக்கலாம். நடக்க நடக்க மோசமானா வேற என்னமோ இருக்கு. வயசாயிடுச்சுன்னு நாங்க ஒரு குளிர்காலம் முழுக்க விட்டுட்டோம். அடுத்த வருஷம் மருந்து ஆரம்பிச்சதும் அவன் காபிக்களம் வரைக்கும் நடந்து வந்ததைப் பார்த்தப்பதான், போன வருஷம் பூரா எவ்வளவு வலியில கிடந்தான்னு புரிஞ்சுது. இப்ப தரையில படுக்க விடுறதில்லை. நாலு கோணி, அதுக்கு மேல பழைய கம்பளி.


கன்னங்குறிச்சி, கருப்பன் வீடு

மூணு மாசம் ஆச்சு. இப்பத்தான் எழுத வர்றேன். எல்லாரும் எழுதினதை வீட்டுக்காரம்மாவும் நானும் ஒவ்வொண்ணாப் படிச்சோம். லட்டுவைப் பத்திப் படிச்சிட்டு அவங்க அன்னைக்கு மெஷின்ல உக்காரவே இல்லை.

நாமக்கல்ல ஆபரேஷன் ஆச்சு. அறுந்த லிகமென்டைத் தைக்க முடியாது, அதனால முட்டிக்கு வெளிப்பக்கம் தடிமனான நைலான் போட்டுக் கட்டி நிறுத்தியிருக்காங்க. அதைச் சுத்தி உடம்பே தழும்பு மாதிரி திசு வளர்த்துக்கும், அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் கட்டு அறுந்துடாமப் பார்த்துக்கிறது உங்க பொறுப்புன்னு சொல்லி அனுப்பினாங்க.

முதல் பத்து நாள்தான் கஷ்டம். வெளிய கூட்டிட்டுப் போக என் பழைய வேட்டியை நாலா மடிச்சு, ரெண்டு முனையிலயும் பிடி வெச்சு வீட்டுக்காரம்மா ஒரு தூளி மாதிரி தைச்சாங்க. வயித்துக்கு அடியில விட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டா அவன் முன்னங்காலால நடந்துக்குவான். எட்டு வாரம் சங்கிலி இல்லாம ஒரு அடி விடலை. முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, இப்ப இருபத்தஞ்சு. மெதுவா நடந்தாத்தான் அந்தக் காலை ஊனுவான், வேகமாப் போனா மூணு கால்ல துள்ளி ஏமாத்திடுவான். இதை அங்க இருந்த மாணவர் ஒருத்தர்தான் நடந்து காட்டிச் சொல்லிக் குடுத்தார்.

ஆய்வாளர் ஐயா சொன்ன எடை விஷயம். டீக்கடையில தினம் ஒரு பன்னு, கரையில நடக்கிறவங்க ஆளுக்கு ரெண்டு பிஸ்கட், ராத்திரி நாங்க சாப்பிட்டு மிச்சமான சோறு. அத்தனையும் நிறுத்தியாச்சு. டீக்கடைக்காரர்தான் முதல்ல ஒத்துக்கலை. கால் கதையைச் சொன்னதும் இப்ப அவரே வெள்ளரிக்காய்த் துண்டு நறுக்கி ஒரு டப்பாவுல வெச்சிருக்கார். போன வாரம் எடை போட்டோம், 30 கிலோ 400.

தொடையும் அளந்தோம். இடது இப்ப பதினாலு கால். வலது பதினஞ்சுக்கு நூலளவு கம்மி.

கோரிமேடு தம்பி தனியா சொன்னார், அவங்க நாய்க்கு இடுப்பு மூட்டுலதான் பிரச்சினையாம். மாத்திரை குடுக்காம மறுநாள் காலையில போய் நின்னிருக்காங்க. எக்ஸ்ரே எடுத்து மருந்து ஓடுது.

இனி அவன் தாவாம வண்டியில ஏற ஒரு சாய்வுப் பலகை செஞ்சிருக்கோம், அதையும் சொல்லிடறேன். ஆசாரிகிட்ட சொல்லி நாலடி நீளம், ஒரு அடி அகலத்துல ஒட்டுப்பலகை வெட்டி, ஒரு சாணுக்கு ஒண்ணுன்னு குறுக்குச் சட்டம் அடிச்சு, மேல கோணிச் சாக்கை இழுத்து ஆணி போட்டோம். கீழ் முனையில பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டணும், இல்லைன்னா தரையில நகர்ந்துடும். ஒரு தடவை நகர்ந்துட்டா அப்புறம் அது மேல கால் வைக்க மாட்டாங்க. முதல் ஒரு வாரம் பலகையைத் தரையில படுக்கப் போட்டு மேல நடக்க மட்டும் விட்டேன். அப்புறம் ஒரு செங்கல் உயரம், அப்புறம் ரெண்டு செங்கல். வண்டியைப் பெரிய ஸ்டாண்டுல போட்டுட்டுத்தான் சாய்க்கணும்.

இன்னைக்குக் காலையில பலகையைச் சாத்தினேன். முன்னங்காலை வெச்சான். நின்னு என்னைப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லலை. நாலு எட்டுல மேல போய் ஹேண்டில்பாருக்குக் கீழ தலையை நீட்டிட்டான்.